ஆட்சியாளர்களை வீழ்த்தும் தொகுதி: புது தில்லியில் பாஜக வென்ற கணக்கும் கேஜரிவால் இழந்த கணக்கும்

புது தில்லி: தில்லி சட்டப் பேரவைக்கு 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில், நாட்டின் கவனம் முழுவதும் ஒரு தொகுதியின் மீதே குவிந்திருந்தது. முன்னாள் முதல்வர் அரவிந்த் கேஜரிவால் நான்காவது முறையாகக் களம் கண்ட புது தில்லி தொகுதியே அது. பிப்ரவரி 8-ஆம் தேதி வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது பாஜக வேட்பாளர் பர்வேஷ் வர்மா 30,088 வாக்குகளும், கேஜரிவால் 25,999 வாக்குகளும் பெற்றிருந்தனர். வித்தியாசம் 4,089 வாக்குகள்.

தில்லி அரசியலில் பத்தாண்டுகளுக்கும் மேலாக அசைக்க முடியாதவராகக் கருதப்பட்ட தலைவர் வீழ்ந்தார் என்பதே அன்றைய செய்தி. ஆனால், அந்தத் தொகுதியின் கடந்த ஐந்து தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு செய்தி புலப்படுகிறது. வெற்றி பெற்ற பர்வேஷ் வர்மாவின் 30,088 வாக்குகள், 2008 முதல் 2020 வரை நடந்த எந்தத் தேர்தலிலும் இத்தொகுதியில் வெற்றிக்குப் போதுமானவையாக இருந்திருக்காது. 2008-இல் வென்றவர் பெற்றது 39,778. 2013-இல் 44,269. 2015-இல் 57,213. 2020-இல் 46,758. பாஜகவின் வாக்கு பெருகியதால் கேஜரிவால் தோற்றார் என்பதைவிட, அவருடைய வாக்கு கரைந்ததால் பாஜக வென்றது என்பதே பொருத்தமாக இருக்கும். அந்த வாக்குகள் எங்கே போயின என்பதுதான் கேள்வி.

அரசாங்கமே வீட்டுக்காரர்

புது தில்லி தொகுதி, தலைநகரின் மற்ற தொகுதிகளைப் போன்றதன்று. நாடாளுமன்றமும் மத்திய அமைச்சகங்களும் அமைந்திருக்கும் பகுதி இது. கன்னாட் பிளேஸ் வணிக வளாகங்களும், அமைச்சர்களும் எம்.பி.க்களும் வசிக்கும் பங்களாக்களும் இதில் அடங்கும். எனினும் தேர்தல் முடிவைத் தீர்மானிப்பவர்கள் பங்களாவாசிகள் அல்லர். கோல் மார்க்கெட், லோதி காலனி, சரோஜினி நகர், லட்சுமிபாய் நகர், கிழக்கு கித்வாய் நகர் போன்ற இடங்களில் அரசுக் குடியிருப்புகளில் வாழும் எழுத்தர்கள், உதவியாளர்கள், கடைநிலை ஊழியர்கள் ஆகியோரும் அவர்தம் குடும்பத்தினருமே இங்கு பெரும்பான்மை வாக்காளர்கள். பங்களாக்களின் பின்புறம் உள்ள பணியாளர் குடியிருப்புகள், சலவைத் தொழிலாளர் குடியிருப்புகள், மந்திர் மார்க்கில் துப்புரவுத் தொழிலாளர்கள் வாழும் வால்மீகி பஸ்தி ஆகியவற்றிலும் கணிசமான வாக்குகள் உள்ளன.

தமிழர்களுக்கும் இப்பகுதி அந்நியமானதன்று. மத்திய அரசுப் பணிக்காகத் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் குடியிருப்புகளில் வாழ்ந்துள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர் ஆகிய இடங்களில் அமைந்ததற்கு அதுவே காரணம்.

இந்த வாக்காளர்களுக்கு ஊதியம் தருவது மத்திய அரசு. வீட்டின் உரிமையாளர் மத்திய அரசு. சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைக் கவனிப்பது புது தில்லி நகராட்சிக் கவுன்சில். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தக் கவுன்சிலின் தலைவரை நியமிப்பதும் மத்திய அரசுதான். தில்லியின் மற்ற பகுதி மக்கள் மாநகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சில் பகுதியில் வாழ்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சட்டப் பேரவைக்கு ஒன்று, மக்களவைக்கு ஒன்று என இரண்டே வாக்குகள்தாம் அவர்களுக்கு உண்டு.

இத்தகைய தொகுதியில் உள்ளூர்ப் பிரச்னைகள் பின்னுக்குச் செல்வது இயல்பே. முதல்வராக யார் வர வேண்டும் என்ற கேள்விக்கான விடையாகவே இங்கு நெடுங்காலம் வாக்குப் பதிவானது.

கோல் மார்க்கெட்டிலிருந்து

அரசமைப்புச் சட்டத்தின் 69-ஆவது திருத்தத்தின்படி தில்லிக்கு மீண்டும் சட்டப் பேரவை கிடைத்து, 1993-இல் முதல் தேர்தல் நடந்தது. அப்போது இப்பகுதியின் பெரும்பங்கு கோல் மார்க்கெட் தொகுதியில் இருந்தது. முன்னாள் கிரிக்கெட் வீரர் கீர்த்தி ஆசாத் பாஜக சார்பில் அதில் வெற்றி பெற்றார். வெங்காய விலையேற்றம் ஆளும் பாஜகவை உலுக்கிய 1998 தேர்தலில், அவரைத் தோற்கடித்து காங்கிரஸின் ஷீலா தீட்சித் பேரவைக்குள் நுழைந்தார், முதல்வராகவும் பொறுப்பேற்றார். 2003-இல் கீர்த்தி ஆசாத்தின் மனைவி பூனம் ஆசாத்தை எதிர்த்து மீண்டும் வென்றார். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு, 2008-இல் புது தில்லி என்ற பெயரில் அமைந்த தொகுதியிலும் பாஜகவின் விஜய் ஜாலியை வீழ்த்தி மூன்றாவது முறையாக முதல்வரானார்.

அன்று முதல் இத்தொகுதியின் முடிவுகள் வருமாறு:

2008: ஷீலா தீட்சித் (காங்கிரஸ்) 39,778, விஜய் ஜாலி (பாஜக) 25,796. வித்தியாசம் 13,982.

2013: அரவிந்த் கேஜரிவால் (ஆம் ஆத்மி) 44,269, ஷீலா தீட்சித் (காங்கிரஸ்) 18,405, விஜேந்தர் குப்தா (பாஜக) 17,952. வித்தியாசம் 25,864.

2015: அரவிந்த் கேஜரிவால் (ஆம் ஆத்மி) 57,213, நூபுர் சர்மா (பாஜக) 25,630, கிரண் வாலியா (காங்கிரஸ்) 4,781. வித்தியாசம் 31,583.

2020: அரவிந்த் கேஜரிவால் (ஆம் ஆத்மி) 46,758, சுனில் யாதவ் (பாஜக) 25,061, ரொமேஷ் சபர்வால் (காங்கிரஸ்) 3,220. வித்தியாசம் 21,697.

2025: பர்வேஷ் வர்மா (பாஜக) 30,088, அரவிந்த் கேஜரிவால் (ஆம் ஆத்மி) 25,999, சந்தீப் தீட்சித் (காங்கிரஸ்) 4,568. வித்தியாசம் 4,089.

பாஜகவின் எண்களை மட்டும் தனியே படித்தால் வியப்பு மேலிடும். 25,796, 17,952, 25,630, 25,061, 30,088. புதிய கட்சி ஒன்று புயலாக வந்த 2013-ஐ நீக்கிவிட்டால், 2008 முதல் 2020 வரை அக்கட்சியின் வாக்கு 25 ஆயிரத்தைச் சுற்றியே நின்றிருக்கிறது. ஷீலா தீட்சித்திடம் தோற்றபோதும் அதே அளவு. கேஜரிவாலிடம் தோற்றபோதும் அதே அளவு. வேட்பாளர்கள் மாறினார்கள், மத்தியில் ஆட்சி மாறியது, அந்த எண் மட்டும் மாறவில்லை. அதே ஆட்களே ஒவ்வொரு முறையும் வாக்களித்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஊழியர்கள் பணியிடம் மாறுகிறார்கள். ஓய்வு பெற்று வெளியேறுகிறார்கள். எனினும் கட்சியின் அடித்தளம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

2013-இல் நடந்தது என்ன?

ஊழல் எதிர்ப்பு இயக்கத்திலிருந்து பிறந்த ஆம் ஆத்மி கட்சி 2012 நவம்பரில் தொடங்கப்பட்டது. ஓராண்டு மட்டுமே ஆன கட்சியின் தலைவர், பதினைந்து ஆண்டுகள் முதல்வராக இருந்தவரை அவருடைய தொகுதியிலேயே எதிர்ப்பதாக அறிவித்தபோது, அதை விளம்பர உத்தி என்று பலர் கருதினர். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி வெளியான முடிவு அவர்களை வாயடைக்கச் செய்தது.

2008-உடன் ஒப்பிடுகையில், ஷீலா தீட்சித் அன்று இழந்தவை 21,373 வாக்குகள். பாஜகவும் 7,844 வாக்குகளை இழந்தது. இரண்டையும் கூட்டினால் 29,217. கேஜரிவால் பெற்றதோ 44,269. அதாவது, இரு பெரிய கட்சிகளும் இழந்த அனைத்தும் அவருக்கே சென்றதாக வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 15 ஆயிரம் வாக்குகளைச் சிறு கட்சிகளிடமிருந்தும், முன்னர் வாக்குச்சாவடிக்கே வராதவர்களிடமிருந்தும் அவர் திரட்டியிருக்க வேண்டும். மேம்பாலங்களும் மெட்ரோ ரயிலும் தந்த முதல்வர் என்ற பெயரைவிட, காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி முறைகேடு குற்றச்சாட்டுகளும் மின்கட்டண உயர்வும் அன்றைய வாக்காளரின் மனத்தில் மேலோங்கி நின்றன.

49 நாள்களில் பதவி விலகிய கேஜரிவாலுக்கு, குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் பின் நடந்த 2015 தேர்தலில் இத்தொகுதி மேலும் 12,944 வாக்குகளைச் சேர்த்துக் கொடுத்தது. காங்கிரஸிடம் எஞ்சியிருந்த வாக்குகளில் 13,624 அந்தத் தேர்தலில் கரைந்தன. மாநிலம் முழுவதும் 70 இடங்களில் 67-ஐ ஆம் ஆத்மி கைப்பற்றியது. 2020-இல் 62 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தது.

2020 வெற்றியின் ஆரவாரத்தில் ஒரு சிறு செய்தி கவனிக்கப்படாமல் போயிற்று. தம் தொகுதியில் கேஜரிவாலின் வாக்கு ஐந்தாண்டுகளில் 10,455 குறைந்திருந்தது. பாஜகவும் 569 வாக்குகள் குறைவாகவே பெற்றது. காங்கிரஸும் 1,561 வாக்குகளை இழந்தது. யாருடைய வாக்கும் கூடவில்லை. எல்லாருடைய வாக்கும் குறைந்தது. பதிவான மொத்த வாக்குகள் ஏறக்குறைய 88,900-இலிருந்து 76,500-ஆகச் சரிந்ததே அதற்குக் காரணம். வாக்கு வித்தியாசம் 21 ஆயிரத்துக்கு மேல் இருந்ததால், அந்தச் சரிவைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

சிறையும் ராஜிநாமாவும்

2025 தேர்தலுக்கு முந்தைய ஓராண்டு கேஜரிவாலின் அரசியல் வாழ்வில் மிகக் கடினமானதாக அமைந்தது. 2021-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்து, மறு ஆண்டே கைவிடப்பட்ட மதுபானக் கொள்கை தொடர்பான வழக்கில் 2024 மார்ச் 21-ஆம் தேதி அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. மக்களவைத் தேர்தல் பிரசாரத்துக்காக இடைக்கால ஜாமீன் பெற்று வெளிவந்தவர், மீண்டும் சிறை சென்றார். ஜூன் மாதம் மத்தியப் புலனாய்வுத் துறையும் கைது செய்தது. செப்டம்பர் 13-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஜாமீன் வழங்கியதும், மக்கள் தமக்கு நேர்மைச் சான்று வழங்கினால் மட்டுமே மீண்டும் முதல்வர் நாற்காலியில் அமர்வேன் என்று அறிவித்துப் பதவி விலகினார். ஆதிஷி முதல்வரானார்.

இந்த அறிவிப்பு புது தில்லி தொகுதியின் தேர்தலை ஒருவகையில் பொது வாக்கெடுப்பாக மாற்றிவிட்டது. வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. அதை வாக்காளர் வழங்க இயலாது. ஆயினும், தாமே அந்தக் கேள்வியை வாக்காளர் முன் வைத்ததால், அதற்கான விடையின் சுமையையும் கேஜரிவாலே ஏற்க நேர்ந்தது. முதல்வராக அவர் வசித்த அரசு இல்லத்தின் புதுப்பிப்புச் செலவை பாஜக பிரசாரத்தின் மையமாக்கியது. எளிமையை அடையாளமாகக் கொண்டு வந்தவருக்கு, ஈரறை வீட்டில் வாழும் எழுத்தர்களின் தொகுதியில் அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டு இனிப்பான செய்திகள் வந்து சேர்ந்தன. எட்டாவது ஊதியக் குழுவை அமைக்க 2025 ஜனவரி 16-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கலான நிதிநிலை அறிக்கையில், புதிய வரி முறையின் கீழ் ஆண்டுக்கு ரூ.12 லட்சம் வரை வருவாய் உள்ளவர்கள் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என அறிவிக்கப்பட்டது. இவை நாடு முழுவதற்குமான அறிவிப்புகளே. ஆனால், வீட்டுக்கு வீடு அரசு ஊழியர் வாழும் ஒரு தொகுதியில் அவற்றின் ஓசை சற்று உரக்கவே கேட்டிருக்கும்.

களத்தில் நின்ற 23 வேட்பாளர்களில் மூவர் மீதே பார்வை இருந்தது. பர்வேஷ் வர்மா, 1996 முதல் 1998 வரை முதல்வராக இருந்த சாஹிப் சிங் வர்மாவின் மகன். மேற்கு தில்லியின் முன்னாள் எம்.பி. சந்தீப் தீட்சித், ஷீலா தீட்சித்தின் மகன். கிழக்கு தில்லியின் முன்னாள் எம்.பி. முன்னாள் முதல்வர் ஒருவரை இரு முன்னாள் முதல்வர்களின் புதல்வர்கள் எதிர்கொண்டனர்.

கரைந்த வாக்குகள்

இனி 2025 கணக்குக்கு வருவோம். 2020-உடன் ஒப்பிட்டால் கேஜரிவால் இழந்தவை 20,759 வாக்குகள். 2013-இல் ஷீலா தீட்சித் இழந்த 21,373-க்கு இது மிக அருகில் உள்ளது. இரு முதல்வர்களின் வீழ்ச்சியும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இயல்பில் வேறு. அன்று ஷீலா இழந்தபோது எதிரில் நின்றவரின் பெட்டி நிரம்பி வழிந்தது. இம்முறை கேஜரிவால் இழந்த 20,759-க்கு எதிராக பாஜகவுக்குக் கூடியவை 5,027 வாக்குகள் மட்டுமே. காங்கிரஸுக்குக் கூடியவை 1,348. இரண்டும் சேர்ந்து 6,375. மிச்சமுள்ள 14 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் எந்தக் கட்சிக்கும் செல்லவில்லை. பதிவான மொத்த வாக்குகளே ஏறக்குறைய 76,500-இலிருந்து 61,600-ஆகக் குறைந்துவிட்டன.

பத்தாண்டுக் கணக்கை எடுத்தால் படம் இன்னும் தெளிவாகும். 2015-க்கும் 2025-க்கும் இடையே கேஜரிவால் இழந்தவை 31,214 வாக்குகள். அதே காலத்தில் பாஜகவுக்குக் கூடியவை 4,458. ஆனால் பாஜகவின் வாக்கு விகிதம் 28.82-இலிருந்து 48.82-ஆக, சரியாக 20 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. வாக்கு அதிகம் கூடாமலே விகிதம் உயர்ந்ததற்குக் காரணம், மொத்தமே சுருங்கியதுதான்.

வாக்காளர்கள் வெறுப்புற்று வீட்டிலேயே இருந்துவிட்டார்களா? அப்படியும் இல்லை. 2020-இல் ஏறத்தாழ 52 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2025-இல் 56 சதவீதத்தைத் தாண்டியது. சுருங்கியது வாக்காளர் பட்டியலே. 2020-இல் சுமார் 1 லட்சத்து 46 ஆயிரம் பெயர்களைக் கொண்டிருந்த பட்டியலில், 2025-இல் சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் பெயர்களே இருந்தன. நான்கில் ஒருவர் பட்டியலில் இல்லை.

இடிக்கப்பட்ட குடியிருப்புகள்

இதற்குக் கண்கூடான காரணம் ஒன்று உண்டு. தலைநகரில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்து, அடுக்குமாடிகளாகக் கட்டும் திட்டத்துக்கு 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 13 ஆயிரம் பழைய வீடுகளுக்குப் பதிலாக 25 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் கட்டுவது திட்டம். கிழக்கு கித்வாய் நகரில் அதற்கு முன்பே மறுகட்டுமானம் தொடங்கிவிட்டது. மரங்களை வெட்டுவதற்கு எதிராக 2018-இல் மக்கள் போராடியதும், தில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டதும் நினைவிருக்கலாம். மரங்களுக்காகக் குரல் எழுந்தது. வாக்காளர்களைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.

காலி செய்யப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் துவாரகா, ரோஹிணி, நொய்டா, காஜியாபாத் என்று சிதறினார்கள். ஊழியர்கள் மட்டுமல்லர், அவர்களை நம்பி அதே வளாகங்களில் பிழைத்த இஸ்திரி போடுபவர்கள், காய்கறி விற்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் ஆகியோரின் குடும்பங்களும் கலைந்தன. நௌரோஜி நகரில் பழைய குடியிருப்பு இருந்த இடத்தில் எழுந்த உலக வர்த்தக மையத்தையும், சரோஜினி நகரில் கட்டி முடிக்கப்பட்ட சுமார் 2,500 குடியிருப்புகளையும் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஜனவரி 3-ஆம் தேதி திறந்து வைத்தார். அந்த வீடுகளுக்குக் குடிவருபவர்கள் அடுத்த தேர்தலின் வாக்காளர்கள்.

வாக்காளர் பட்டியலிலிருந்து திட்டமிட்டுப் பெயர்கள் நீக்கப்படுவதாகவும், வெளியாட்கள் சேர்க்கப்படுவதாகவும் கேஜரிவால் 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டார். விதிமுறைகளின்படியே பணி நடந்ததாக அதிகாரிகள் பதிலளித்தனர். அந்தச் சர்ச்சை எப்படியிருப்பினும், 37 ஆயிரம் பெயர்களின் குறைவை ஒரு சில மாத நீக்கங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. அது ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்த குடிபெயர்வின் விளைவு.

அதே வேளையில், பட்டியல் சுருங்கியதுதான் தோல்விக்கு ஒரே காரணம் என்று ஆம் ஆத்மி கட்சி ஆறுதல் கொள்ளவும் இயலாது. எல்லாக் கட்சிகளின் ஆதரவாளர்களும் சம அளவில் வெளியேறியிருந்தால், வாக்கு விகிதம் மாறியிருக்காது. ஆனால் கேஜரிவாலின் விகிதம் 61.10-இலிருந்து 42.18-ஆக, சுமார் 19 புள்ளிகள் சரிந்தது. மாநிலம் முழுவதும் கட்சியின் வாக்கு விகிதம் 53.57-இலிருந்து 43.57-ஆக, 10 புள்ளிகளே குறைந்தது. தலைவரின் தொகுதியில் சரிவு ஏறக்குறைய இரு மடங்கு. வெளியேறியவர்களில் ஆம் ஆத்மி ஆதரவாளர்கள் அதிகம் இருந்திருக்க வேண்டும். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் மனம் மாறியிருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே இந்த முடிவைத் தந்தன.

காங்கிரஸ் காரணமா?

சந்தீப் தீட்சித் பெற்ற 4,568 வாக்குகள், கேஜரிவாலின் தோல்வி வித்தியாசமான 4,089-ஐவிட அதிகம். எனவே காங்கிரஸே அவரைத் தோற்கடித்தது என்ற வாதம் முடிவு வெளியான அன்றே எழுந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தில்லியில் கைகோத்து நின்ற இரு கட்சிகளும் எட்டே மாதங்களில் எதிரெதிர் அணியில் நின்றதால், இந்த வாதத்துக்கு அரசியல் கவர்ச்சி உண்டு. ஜங்புராவில் மணீஷ் சிசோடியா 675 வாக்குகளில் தோற்றதையும், அங்கு காங்கிரஸ் வேட்பாளர் 7 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றதையும் இத்துடன் சேர்த்துச் சொன்னார்கள்.

ஆனால் புது தில்லியைப் பொருத்தவரை இந்த வாதம் முழு உண்மையன்று. 2015-இலேயே காங்கிரஸ் இங்கு 4,781 வாக்குகள் பெற்றிருந்தது. அப்போது கேஜரிவால் 31 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பத்தாண்டுக்குப் பின் காங்கிரஸ் பெற்றது அதைவிடச் சற்றுக் குறைவே. 2013-இல் தன் தாயை வீழ்த்தியவருக்கு எதிராக மகன் திரட்டிய வாக்குகள், டெபாசிட் தொகையைக்கூடக் காப்பாற்றவில்லை. அந்த நான்காயிரம் வாக்குகள் முடிவை மாற்றும் அளவுக்கு முக்கியத்துவம் பெற்றதே, மற்ற வாக்குகள் கரைந்ததால்தான்.

முதல்வர் இல்லாத தொகுதி

70 இடங்களில் 48-ஐ வென்று 27 ஆண்டுகளுக்குப் பிறகு தில்லியில் ஆட்சி அமைத்த பாஜக, பர்வேஷ் வர்மாவை முதல்வராக்கும் என்று தொகுதி மக்கள் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் ஷாலிமார் பாக் தொகுதியில் வென்ற ரேகா குப்தா 2025 பிப்ரவரி 20-ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்றார். பர்வேஷ் வர்மா அமைச்சரானார். 1998 டிசம்பர் முதல் 2024 செப்டம்பர் வரை, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்த ஓராண்டு நீங்கலாக, தில்லியின் முதல்வர் இப்பகுதியின் எம்.எல்.ஏ.வாகவே இருந்தார். ஆதிஷி முதல்வரானபோது அறுந்த அந்தத் தொடர்ச்சி, பேரவைத் தேர்தலுக்குப் பிறகும் திரும்பவில்லை.

இதனால் தொகுதி இழந்தது என்ன? நிலமும் காவல் துறையும் தில்லி அரசின் கையில் இல்லை. உள்ளாட்சி, மத்திய அரசு நியமிக்கும் கவுன்சிலின் கையில். சட்டப் பேரவை உறுப்பினர் என்ற முறையில் அந்தக் கவுன்சிலில் ஓர் இடம் உண்டு, அவ்வளவே. முதல்வராக இருந்த எம்.எல்.ஏ.வால்கூட, தம் வாக்காளர்கள் வாழ்ந்த குடியிருப்பு இடிக்கப்படுவதைத் தீர்மானிக்கவோ, அவர்கள் எங்கே குடிபெயர வேண்டும் என்று சொல்லவோ முடியவில்லை. ஒரு மாநில முதல்வரின் தொகுதியில் நான்கில் ஒரு பங்கு வாக்காளர்கள் ஐந்தே ஆண்டுகளில் மறைந்ததும், அதைத் தடுக்கும் அதிகாரம் எதுவும் அவரிடம் இல்லாததும், தில்லி அரசின் அதிகார வரம்பு எவ்வளவு குறுகியது என்பதற்கு வேறெந்த வழக்கைக் காட்டிலும் தெளிவான சான்று.

மற்ற மாநிலங்களுக்கும் இதில் பாடம் உண்டு. சாதாரணமாக எங்கு வசிக்கிறாரோ அங்குதான் ஒருவருக்கு வாக்குரிமை என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. முகவரி மாறினால் வாக்கும் மாற வேண்டும். பழைய இடத்தில் பெயர் நீக்கப்படுவது நிர்வாகம் செய்துவிடும் காரியம். புதிய இடத்தில் பெயரைச் சேர்ப்பதோ, படிவம் நிரப்பி, சான்று காட்டி, குடிமகன் தானே செய்ய வேண்டிய காரியம். அரசு ஊழியருக்கு அது எளிது. அந்த ஊழியரின் துணிகளுக்கு இஸ்திரி போட்டவருக்கு அவ்வளவு எளிதன்று. 2025-இல் பிகாரில் தொடங்கி, தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களுக்கு விரிந்த வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்தின்போது எழுந்த அச்சங்களின் அடிப்படையும் இதுவே. வீடு மாறியவரின் பெயர் ஒரு பட்டியலிலிருந்து நீங்கும் வேகத்தில், மற்றொரு பட்டியலில் ஏறுவதில்லை.

கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல் எதிரணியின் வாக்கை ஈர்க்கத் திட்டமிடுகின்றன. கூட்டணிக் கணக்கு போடுகின்றன. தம் வாக்காளர் எங்கே இருக்கிறார் என்பதைக் கணக்கெடுப்பதில்லை. 2020 முடிவிலேயே ஒலித்த எச்சரிக்கையை ஆம் ஆத்மி கட்சி கேட்கவில்லை. பாஜகவும் இந்த வெற்றியைப் பெரும் அலையாக எண்ணிவிடலாகாது. சரோஜினி நகரின் புதிய அடுக்குமாடிகளில் குடியேறுபவர்கள் எவருக்கும் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஷீலா தீட்சித்தை மூன்று முறை தேர்ந்தெடுத்துப் பின்னர் கைவிட்டதும், கேஜரிவாலை மூன்று முறை தேர்ந்தெடுத்துப் பின்னர் கைவிட்டதும் இதே பகுதிதான். 30,088 வாக்குகள் வெற்றிக்குப் போதுமானவையாக இருப்பது, பட்டியல் சுருங்கியிருக்கும் வரையில்தான். காலியான குடியிருப்புகள் மீண்டும் நிரம்பும்போது, தொகுதியின் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.